நல்ல நேரத்தில் சொன்ன ஓம்

என் கணவரின் வாயில் ‘வேண்டாம்’ என்ற சொல் வராது; எதற்கும் ஆமென்று ஒரு ‘ஓம்’தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக் கணினிக்கு நடந்ததெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. பிளாஸ்டிக் வாளி விற்பவர் வாசல் படலையில் நின்றால் ஓம். கோயில் திருவிழா வேலைக்கு ஆள் கேட்டால் ஓம். கலியாண வீட்டில் மூன்றாம் தரம் பாயாசம் கொண்டுவந்தாலும் ஓம். எங்கள் ஊர் கோப்பாயில் அவருக்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. வீட்டில் வாளிகள் மட்டும் பதினொன்று இருக்கின்றன.

நான் நேர்மாறு. அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். ‘இல்லை’, ‘ஏலாது’, ‘கிராம சேவகரின்ரை கடிதத்தோடை வாங்கோ’ என்று ஒரு நாளைக்கு முப்பது தரமாவது சொல்லுவேன். வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் உச்சியில் ஏறும். “என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனீங்கள் எண்டு தெரியுமோ ஐயா?” என்று கேட்டு, வரிசையில் நிற்பவர்கள் முன்னாலேயே வாசிக்க வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி ஊரில் என்ன கதைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மகள் ஒரே பிள்ளை. முகத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாள், குணத்தில் தகப்பன். எதைக் கேட்டாலும் “ஓம் அம்மா.” பிள்ளை வளர்ப்பில் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு.

அவளுக்கு உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. உயிரியல் பிரிவு, வைத்தியராக வர ஒரு விரற்கடை குறைவு, மற்றப் படிப்புகளுக்குத் தாராளம். பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும். சந்தியில் இருக்கிற கொம்யூனிகேசன் கடையில் நிரப்பலாம், ஆனால் அங்கே போட்டோப் பிரதி எடுக்க வருகிறவர்கள் எல்லாம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிள்ளை என்ன படிக்கப் போகிறாள் என்பதைப் பிள்ளைக்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். என் தொலைபேசியில் அந்தப் படிவம் பாதியோடு வெட்டுப்பட்டு நின்றது. ஆகவே வீட்டுக்கு ஒரு கணினி வாங்கினோம்.

வாங்கினால் உடனே இயக்கிவிட முடியுமா? கணவர் பஞ்சாங்கத்தை விரித்தார். வியாழக்கிழமை, பத்து மணி பன்னிரண்டு நிமிடத்திலிருந்து பதினொன்று நாற்பது வரை நல்ல நேரம். சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனையால் ‘கொம்பியூட்டர் 10.12’ என்று எழுதி வட்டம் போட்டார். அன்று நான் அரை நாள் லீவு போட்டேன். மேசைக்குப் பக்கத்தில் நிறைகுடம், குத்துவிளக்கு. திரையின் மூலையில் சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும்.

மகள் மவுஸைப் பிடித்தபடி இருக்க, அவர் பின்னால் நின்று ஒரு விதி சொன்னார்.

“பிள்ளை, முதன்முதல் இயக்கேக்கை அது என்ன கேட்டாலும் வேண்டாம் எண்டு குடுக்கக்கூடாது. வருசப்பிறப்பிலை கைவிசேஷக் காசு தரேக்கை வேண்டாம் எண்டு கையை இழுப்பமே? அதுமாதிரித்தான்.”

நானாவது தடுத்திருக்கலாம். ஆனால் நல்ல நேரத்தில் அபசகுனமாக வாயைத் திறக்க எனக்கும் மனம் வரவில்லை. இருபத்தாறு வருட எழுதுவினைஞர், திரையில் வந்த ஒரு வரியைக்கூட வாசிக்காமல், கற்பூரத் தட்டோடு நின்றேன்.

கணினி முதலில் பாட வேண்டியது தேவாரம் என்பது அவருடைய ஆசை. மகள் ‘தேவாரம் இலவசமாக இறக்க’ என்று தேடினாள். ஒரு பக்கம் திறந்தது. அதில் பச்சை நிறத்தில் ஐந்து பொத்தான்கள், ஐந்திலும் ‘இறக்குக’. எதை அமத்துவது என்று அவள் திரும்பிப் பார்த்தாள். “பெரிசை அமத்து,” என்றார். அமத்தினாள். ஒரு கேள்வி வந்தது. “ஓம் எண்டு குடு.” இன்னொரு கேள்வி. “ஓம் குடு பிள்ளை.” அறிவித்தல் அனுப்பலாமா, உலாவியோடு ஒன்றைச் சேர்க்கலாமா, முகப்புப் பக்கத்தை மாற்றலாமா என்றெல்லாம் அது கேட்டிருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. கலியாண வீட்டில் பாயாசம் வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஓம். கடைசியில் தேவாரமும் பாடியது. நாலு அடி பாடி நின்றுவிட்டது. “நல்ல நேரம் முடியேல்லை, இவ்வளவும் காணும்,” என்று கணவர் திருப்தியோடு கற்பூரம் காட்டினார்.

அடுத்த நாள் காலையில் உலாவியைத் திறந்தால் எங்கள் உலாவி இல்லை. யாரோ ஒருவருடைய சந்தைக் கடை. நடுவில் ஒரு தேடல் பெட்டி, சுற்றிவரச் சூதாட்டச் சக்கரம், வயிறு வற்ற வைக்கும் தேயிலை, அந்தத் தேயிலையைக் குடித்துவிட்டு உடுப்புக் குறைந்து நிற்கும் ஒரு பெண். எதைத் தேடினாலும் கேட்டதைத் தராமல் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனது. வலது பக்க மூலையில் நிமிடத்துக்கொரு தரம் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பி, உங்கள் கணினிக்கு ஆபத்து என்று கத்தியது.

“பாவம், அவன் சொல்லித் தாறான்,” என்றார் என் கணவர்.

“ஆர் அவன்?”

“உதுக்குள்ளை இருக்கிறவன்.”

பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை வாங்க வந்த நேரம் தேயிலைப் பெண் திரை முழுவதும் நின்றாள். கணவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து அப்படியே திரையை மூடினார். அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரமும் துவாய் போடப்பட்டது. சாமிப் படங்கள் எதிர்ச் சுவரில் இருந்தன, அவர்கள் பார்க்கக்கூடாது என்று. துவாயின் கீழே இருந்து ‘டிங்’ என்று சத்தம் வரும். பூசை முடியும்வரை நானும் மகளும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்போம்.

சில நாளில் விளம்பரங்கள் மாறின. மீன் தொட்டி, தூண்டில், இறால் தீன், டின் மீன். எங்கள் வீட்டில் முட்டைகூடப் படலை தாண்டாது. பரம்பரையாகச் சுத்த சைவம். மீன் சமைக்கிற வீட்டுப் பாத்திரத்தைக் கணவர் கையால் தொடமாட்டார்.

“உவன் ஏன் எங்களுக்கு மீன் விக்கப் பாக்கிறான்?” என்று அவர் கேட்டார்.

“ஆள் ஆரெண்டு தெரியாமல் கடை விரிக்கிறான், விசரன்,” என்றேன். மகள் எழும்பித் தேத்தண்ணி போடப் போனாள்.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருந்தது, விண்ணப்பம் திறக்கும்வரை. முடிவு நாள் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகள் விண்ணப்பப் பக்கத்தைத் தேடினாள். எங்கள் உலாவி அவளை ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோனது. இலச்சினை இருந்தது, பெயர் கேட்டது, அடையாள அட்டை இலக்கம் கேட்டது. பிள்ளை நல்ல பிள்ளையாக நிரப்பிக்கொண்டு போனாள். அடுத்த வரியில் வங்கி அட்டையின் பின்பக்க இலக்கம் கேட்டது. நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடே ஓடி வந்தேன்.

“கையை எடு! அரசாங்கப் படிவம் உதைக் கேக்காது!”

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. பிள்ளையின் இரண்டு வருடப் படிப்பும் இந்தப் பெட்டிக்குள்ளால் போய்ச் சேர வேண்டும். பெட்டிக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு, கற்பூரமும் காட்டியது நாங்கள்தான்.

சுன்னாகத்தில் கணினி திருத்தும் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். “கொண்டு வாங்கோ அக்கா, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்தவேணும். சனிக்கிழமை தாறன்,” என்றார் கடைக்காரர். சனிக்கிழமை விண்ணப்பம் இருக்காது. கொம்யூனிகேசனுக்குப் போகலாம் என்றார் கணவர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீட்டுக்குள் ஒருவன் பொய்ப் படிவம் வைத்து என் பிள்ளையைக் கேள்வி கேட்டிருக்கிறான். அலுவலகத்தில் ஒரு பொய்க் கடிதம் வந்தால் நான் விடுவேனா?

புதன்கிழமை முழு நாள் லீவு போட்டேன். மகளிடம் சான்றிதழ்களைக் கொடுத்துப் பிரதி எடுத்துவர அனுப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல்நாள் இரவே மகள் உலாவியில் ஒட்டியிருந்த ஒன்றைக் கண்டுபிடித்து நீக்கியிருந்தாள். கணினியை மறுபடி இயக்கினால் அது திரும்ப வந்து குந்தியிருந்தது. அப்படியென்றால் அதை உள்ளே விடுகிற ஒருவன் வேறெங்கோ இருக்கிறான். அவனை எப்படிப் பிடிப்பது?

அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு வழி உண்டு. கடிதம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், வந்த தேதியை வைத்துப் பதிவேட்டைப் புரட்டுவோம். கணினியிலும் ஏற்றிய நிரல்களின் பட்டியல் இருந்தது. தேதி வரிசைப்படி அடுக்கவும் ஒரு வழி இருந்தது. எந்தத் தேதி? தலையைத் திருப்பினேன். சுவர்க் கலண்டரில் சிவப்பு வட்டத்துக்குள் ‘கொம்பியூட்டர் 10.12’.

அந்த வியாழக்கிழமைக்கு நேராக, கடையில் ஏற்றித் தந்தவற்றை விட்டால், புதிதாக மூன்று பெயர்கள் நின்றன. ஒன்று தேவாரம் பாடிய பெட்டி. மற்ற இரண்டும் யாரும் அழைக்காத விருந்தாளிகள். நான் சந்தோஷத்தில் கத்தியதைக் கேட்டுக் கணவர் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கலண்டரைப் பார்த்தார்.

“இஞ்சாரும், இப்ப ராகுகாலமெல்லே? பன்ரண்டிலை இருந்து ஒண்டரை.”

“வாறதுக்குத்தான் நல்ல நேரம் வேணும். போறதுக்கு ராகுகாலம் காணும்.”

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும், திரும்பிப் பாத்தி கட்டப் போய்விட்டார்.

நீக்கு என்று கொடுத்தால், அந்த நிரல் அழுகிற முகம் ஒன்றைக் காட்டி, ஏன் எங்களைப் பிரிகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. பெரிய பச்சைப் பொத்தானில் ‘வைத்திருக்கிறேன்’. அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில் ‘தொடர்ந்து நீக்கு’. ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு ருசியாக நான் ‘இல்லை’ சொன்னதில்லை. மூன்றையும் அனுப்பிவிட்டு, உலாவியில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கினேன். அறிவித்தல் அனுப்ப அனுமதி பெற்ற பக்கங்களின் பட்டியலில் ஒன்பது இருந்தன, ஒன்பதையும் தடுத்தேன். முகப்பையும் தேடல் பெட்டியையும் பழையபடி மாற்றினேன். கணினியை நிறுத்தி இயக்கினேன். ‘டிங்’ இல்லை. தேயிலைப் பெண் இல்லை. வெள்ளைப் பக்கம், சுத்தமாக.

அதோடு எழும்பியிருக்கலாம். ஆனால் எழுதுவினைஞர் புத்தி. அந்தத் தேவாரப் பக்கம் எது என்று தெரிந்தால் அதையும் தடுக்கலாமே என்று, உலாவி எங்கெங்கே போய்வந்தது என்று பதிந்து வைத்திருக்கும் பட்டியலைத் திறந்தேன். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனேன். சூதாட்டச் சக்கரம், தேயிலை, சக்கரம், தேயிலை. இடையில் வேறு சில வரிகள்.

கைதடிப் பாலத்துக்குக் கீழே உள்ள மீன்கள். யாழ்ப்பாணக் கடல்நீரேரி. இறால் முட்டையிடும் காலம். மீன்பிடி விஞ்ஞானம் பட்டப்படிப்பு. மீன்பிடி விஞ்ஞானம் எந்தப் பல்கலைக்கழகம். அதற்கும் கீழே, மூன்று வேறு வேறு நாள்களில், ஒரே கேள்வி: மீன் சாப்பிடாத ஆக்கள் மீன்பிடி படிக்கலாமோ.

உவன் ஏன் மீன் விற்கப் பார்த்தான் என்பது அப்போது விளங்கியது. உவனுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. மீனா? எங்கள் வீட்டிலா? கிழமைக்கொரு தரம் கைதடியில் இருக்கிற என் தங்கையிடம் பஸ்ஸில் போய் வருகிறவள், பாலத்தில் எதைப் பார்த்துக்கொண்டு போனாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு அந்த மூன்று தரம் கேட்ட கேள்வியைத் திரும்ப வாசித்தேன். பெற்ற தாயும் தகப்பனும் வீட்டுக்குள் இருக்க, பிள்ளை போய் ஒரு கள்ளப் பெட்டியிடம் கேட்டிருக்கிறாள். அதுவும் பதில் சொல்லாமல் டின் மீன் காட்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய பட்டியலைக் களவாக வாசித்த வெட்கமும் சேர்ந்து வந்தது.

மேசையில் என்னுடைய கோப்புக் கிடந்தது. அதற்குள் ஒரு தாள். அவள் என்னென்ன படிப்புகளுக்கு, எந்த வரிசையில் விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் தட்டச்சில் அடித்தது. பல் வைத்தியம், மிருக வைத்தியம், தாதியியல் என்று பதினான்கு. மீன்பிடி அதில் இல்லை. கீழே புள்ளிக்கோடு போட்டு, “இதிலை ஒரு கையெழுத்து வை பிள்ளை,” என்று கேட்டிருந்தேன், கோப்புக்கு ஒழுங்கு என்று. “ஓம் அம்மா,” என்று வைத்திருந்தாள். வாசித்தாளா என்று நான் பார்க்கவில்லை. ஊரையெல்லாம் நிற்க வைத்து வாசிக்கச் சொல்கிறவள், என் பிள்ளையிடம் மட்டும் கையெழுத்தை வாங்கிக்கொண்டு எழும்பிப் போயிருக்கிறேன்.

அவள் பிரதிகளோடு வந்தாள். வெள்ளைப் பக்கத்தைக் கண்டு, “அம்மா, நீங்களோ செய்தனீங்கள்!” என்று துள்ளினாள். கணவரும் கால் கழுவிக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை உண்மையான பக்கம் வந்தது. முகவரியை எழுத்து எழுத்தாக நானே சரிபார்த்தேன். அவள் என் தாளைப் பார்த்துப் பதினான்கையும் ஏற்றினாள். கடைசியில் ஒரு கேள்வி வந்தது: தெரிவுகளின் வரிசை சரிதானா? கீழே இரண்டு பொத்தான்கள். ‘உறுதிப்படுத்துக’, ‘திருத்துக’.

மவுஸ் உறுதிப்படுத்தப் போனது.

“நில்,” என்றேன். “வாசி.”

“வாசிச்சிட்டன் அம்மா.”

“உரத்து வாசி.”

வாசித்தாள். பாடசாலையில் இடாப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில் பதினான்கையும் வாசித்து முடித்தாள்.

“இதிலை உனக்கு விருப்பம் எது?”

“எல்லாம் ஓம் அம்மா.”

அந்த ஓமை நான் இருபது வருடமாகக் கேட்டுப் பழகியவள். அன்றைக்குத்தான் அது என் காதில் குத்தியது. நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி கேட்டேன்.

“கைதடிப் பாலத்துக்குக் கீழை என்ன மீன் நிக்கும்?”

 கணவர் என்னைப் பார்த்தார், எனக்குத்தான் ஏதோ பிடித்துவிட்டது என்று. மகளின் காது சிவந்தது. மிகச் சின்னக் குரலில் சொன்னாள்.

“திரளி. ஓராவும் வரும்.” பிறகு, மறைக்க முடியாமல், “மாரி முடியேக்கை இறால் குஞ்சுகளும் வரும் அம்மா. பஸ் மெதுவாப் போனால் மேலை இருந்தே தண்ணி துடிக்கிறது தெரியும்.”

“நீ கொம்பியூட்டரிலை தேடின பட்டியலை வாசிச்சிட்டன். தேடிப்போய் வாசிக்கேல்லை. ஆனா வாசிச்சது பிழைதான்,” என்றேன். மீன்பிடி விஞ்ஞானம் என்பதைக் கணவருக்கும் சொன்னேன். அவர் மேலே சாமிப் படத்தைப் பார்த்தார், பிறகு துவாயைப் பார்த்தார்.

“மீனோ?” என்றார். “பிடிச்சுக் கொல்லுறதோ பிள்ளை, வளக்கிறதோ?”

ஓம் சொல்ல முன்னர் அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

“வளக்கிறதும் இருக்கு அப்பா. பிடிக்கிறதும் இருக்கு. பொய் சொல்லமாட்டன்,” என்றாள் மகள். “தண்ணி பாக்கிறது, எண்ணுறது... பாசியும் வளக்கிறவை.”

“பாசி சைவமெல்லே?” அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இன்னும் கொஞ்சம் யோசித்தார். “சரி. எனக்கு ஓம்.”

அவள் என்னிடம் திரும்பினாள். “அம்மா, உங்களுக்கு ஓமோ?”

பொய்யாக ஓம் சொல்ல எனக்குத் தெரியாது.

“எனக்கு இல்லை,” என்றேன். “மணமும் பிடிக்காது. ஊரிலை கேக்கிறவைக்கு என்ன சொல்லுறது எண்டும் தெரியேல்லை. ஆனா படிக்கப் போறது நான் இல்லை. விண்ணப்பகாரி நீ. எது சரியோ அதை அமத்து.”

அவள் பதினான்கையும் மேலிருந்து கீழே இன்னொரு தரம் பார்த்தாள். ராகுகாலம் முடிந்துவிட்டதா என்று கணவர் கலண்டரைப் பார்க்கவே இல்லை. பிறகு அவள் ‘திருத்துக’ என்பதை அமத்தினாள். என் தாளை எடுத்து நான் இரண்டாக மடித்தேன். அவள் முதலாவது இடத்தில் மீன்பிடியை எழுதினாள், மிச்சத்தைத் தன் எண்ணத்துக்கு அடுக்கினாள், முழுவதையும் எங்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் உறுதிப்படுத்தினாள்.

இப்போது அவள் மீன்பிடி விஞ்ஞானத்தில் இரண்டாம் வருடம். விடுமுறையில் வந்தால் பாலத்தடியில் இறங்கி நடந்துதான் வீட்டுக்கு வருவாள்; செருப்பில் உப்புச் சேறு. என் மூக்குக்கு இன்னும் பழகவில்லை, சொல்லுகிறேன், அவளும் சிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறாள். எதையாவது கேட்டால் ஓம் சொல்வதும் உண்டு, “இல்லை அம்மா” சொல்வதும் உண்டு. சில நாள்களில் இரண்டாவது கொஞ்சம் கூடிப்போகிறது. அலுவலகத்தில் என் முன்னால் நிற்பவர்களின் பாடு எனக்கு இப்போது விளங்குகிறது.

கணினித் திரையில் அவள் தானே எடுத்த திரளியின் படத்தை நிரந்தரமாகப் போட்டு வைத்திருக்கிறாள். விளக்கு வைக்கும் நேரம் வந்தால் என் கணவர் தோள் துவாயை எடுத்துத் திரையை மூடுவார். தேவாரம் பாடுவார், விபூதி பூசுவார். பூசை முடிந்ததும் துவாயை எடுத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீனுக்குக் கிட்டவாகக் குனிந்து பார்ப்பார்.

“இஞ்சாரும்,” என்று என்னைக் கூப்பிடுவார். “இதின்ரை கண்ணைப் பாரும். பிள்ளை எவ்வளவு கிட்டப் போயிருக்கிறாள்.”